மேப்பில் கரண்டியோடு நின்றவள்

சம்சாத் பேகத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று மில் ரோட்டில் சொல்வார்கள். தப்பு. மூக்கு வரை ஏறிப்போக அதற்குப் பொறுமை கிடையாது, நாக்கு நுனியிலேயே குடியிருக்கும். சட்னி கொஞ்சம் தண்ணியா இருக்கே என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும், அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வந்து தள்ளுவண்டிக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். ஆனாலும் மறுநாள் அதே ஆள் அதே இடத்தில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பான். அவள் போடும் ஆமவடை அப்படி.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லின் கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் அவள் வண்டி நின்றது. புருஷன் பீர் மைதீன் பஞ்சு மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்து செத்தபோது மகன் ஷாநவாஸ் பள்ளிக்கூடப் பையன். புருஷனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடிந்து வெளியே வந்ததும் அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள். பொம்பளை நடுரோட்டில் நின்று எண்ணெய் காய்ச்சுவதா என்று சொந்தக்காரர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். பேசினவர்களில் ஒருத்தரும் ஒரு படி கடலைப்பருப்பு வாங்கிக் கொடுக்கவில்லை. அந்த எண்ணெய்ச் சட்டியை வைத்துத்தான் ஷாநவாஸ் இன்ஜினியரிங் படித்தான், அதற்கு மேலும் படித்தான், இப்போது ஒரு காலேஜில் வாத்தியாராக இருக்கிறான். பெண்டாட்டி ஜுவைரியாவோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கிறான். இங்கே வந்து பேசாமல் உட்காருங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பான். பேசாமல் உட்காருவது அவளால் ஆகிற காரியமா.

நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ரோடு வந்து விழுந்தது. அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டதில் வண்டிகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறிப்போயின. தோண்டியதை மூடித் தார் ஊற்றி முடித்தபோது பழைய இடத்தில் ஒரு வண்டி நிறுத்த வழியில்லை. மில்லுக்காரர் மனசு இரங்கித் தன் காம்பவுண்டை உள்ளே தள்ளிக் கட்டி, வெளியே விட்ட இடத்தில் தகரக் கூரை போட்டு நாலு கடை கட்டிக் கொடுத்தார். யாருக்கு எது என்று பிரிக்கும் பொறுப்பை வியாபாரிகள் சங்கத்திடம் விட்டார். சங்கத் தலைவர் சுந்தரபாண்டியன் மிலிட்டரியிலிருந்து ரிட்டயர் ஆகி வந்து டீக்கடை போட்டவர். பாலில் தண்ணீர் கலக்காதவர் என்று பெயர், அந்த நேர்மையே மற்றவர்களுக்குப் பெரிய தொந்தரவு.

"ரோடு தோண்டுறதுக்கு முன்னாலயே இங்க கடை போட்டுட்டு இருந்தவுகளுக்குத்தான் கடை," என்று அவர் அறிவித்தார். "வாய்ச்சாட்சி எடுபடாது. மச்சான் சொல்லுதான், மாமன் சொல்லுதான்னு ஆளாளுக்குக் கூட்டிட்டு வாரீக. மில்லுல ஃபைல் போடணும்ங்காக. கண்ணுல காட்டுற மாதிரி எதாச்சும் கொண்டாங்க."

மூன்று பேர் லோன் பேப்பர், தெருவியாபாரி கார்டு என்று எதையோ கொண்டுவந்து மூன்று கடையை வாங்கிக்கொண்டார்கள். சம்சாத்திடம் ஒன்றுமில்லை. லோன் அவள் வாங்கினதில்லை. கார்டு கொடுப்பதற்குக் கணக்கெடுக்க வந்தவர்களை, காலி பண்ணத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அந்தக் காலத்திலேயே திட்டி விரட்டிவிட்டிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரே கடை. அதைக் கேட்டு நின்றது இரண்டு பேர். ஒன்று சம்சாத், இன்னொன்று அவளுக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்து அவித்த கடலை விற்கும் அழகுத்தாய். அவளிடமும் பேப்பர் எதுவும் இல்லை.

அப்போதுதான் சம்சாத்துக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது.

கடைப் பேச்செல்லாம் எழுவதற்கு முன்னால் ஒருநாள் அழகுத்தாய்தான் அதைக் காட்டினாள். மேப்பில் தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கலாம் என்று அவள் மகள் சிவரஞ்சனி சொல்லிக் கொடுத்திருந்தாள். கடலை விற்காத நேரத்தில் அழகுத்தாய் போனிலேயே ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, இங்க பாரேன். நீ மேப்புல நிக்க."

பார்த்தாள். பழைய ரோடு, பழைய சுவர், பழைய தள்ளுவண்டி. வண்டிக்குப் பின்னால் மாம்பழக் கலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜல்லிக்கரண்டியைத் தலைக்கு மேல் ஓங்கியபடி ஒருத்தி நிற்கிறாள். சேலை அவளுடையது. கரண்டி அவளுடையது. முகம் மட்டும் இல்லை. ஈரக் கையால் தேய்த்துவிட்ட மாதிரி மொழுக்கென்று இருந்தது.

அந்த நாள் இருவருக்குமே நன்றாக ஞாபகம் இருந்தது. தலையில் கம்பம் நட்டு, கம்பத்து உச்சியில் உருண்டையாகக் கேமரா வைத்துக்கொண்டு ஒரு கார் ரோட்டில் ஊர்ந்து வந்தது. ஆக்கிரமிப்பு எடுக்கிறவர்கள் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று யாரோ கத்த, ரோடே தலைதெறிக்க ஓடியது. பழ வண்டி சந்துக்குள் போனது. இளநீர்க்காரர் குலையைப் போட்டுவிட்டு மில்லுக்குள் புகுந்தார். அழகுத்தாய் கடலைப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுவர் தாண்டினாள். சம்சாத்தால் ஓட முடியவில்லை, சட்டி நிறைய எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற எண்ணெயைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது. வேறு வழியில்லாமல் நின்றாள், நின்றதற்கும் சேர்த்து அந்தக் காரைத் திட்டினாள். எவன் பிழைப்பைக் கெடுக்கலே வாரே, கிட்ட வந்தேன்னா எண்ணெய ஊத்திருவேன் என்று கரண்டியை ஓங்கினாள். டிரைவர் பயந்துபோய் வண்டியை விரட்டிக்கொண்டு போனார். காலி பண்ண யாரும் வரவில்லை. அது மேப்புக்குப் படம் எடுக்கிற கார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

"முகத்த எவன்ட்டி அழிச்சான்?" என்று கேட்டாள் சம்சாத்.

"அவனே அழிச்சுத்தான் போடுவானாம் அக்கா. ரோட்டுல நிக்கிறவுக அடையாளம் தெரியக்கூடாதுன்னு சட்டமாம்."

"அழிக்கிறதுக்கு நான் என்ன களவாணியா? லாட்ஜுல பிடிபட்டவ படத்தத்தான் பேப்பர்ல இப்படிப் போடுவான். நான் பாட்டுக்கு வடை சுட்டுட்டு நிக்கேன், எனக்கு எதுக்கு மறைவு?"

அழகுத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பெரிதாக்கிக் காட்டினாள். செத்துப்போன மனுஷனின் முகத்தையும் மறக்காமல் அழித்திருந்தார்கள். "விடு அக்கா. முகம் இல்லாட்டி என்ன, அந்த நிப்பு யாருக்குத் தெரியாது."

அந்தப் படத்தைத்தான் இப்போது சுந்தரபாண்டியனிடம் போய்ச் சொன்னாள். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தன் போனில் தேடிப் பிடித்தார். பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படத்தின் மூலையில் மாதமும் வருஷமும் போட்டிருந்தது. ரோடு தோண்டுவதற்கு நெடுநாள் முன்னால்.

"இது போதும் பாயம்மா. ஞாயித்துக்கெழம கூட்டத்துல டிவியில போட்டுக் காட்டுவோம். மில் மேனேஜரும் வாராரு. நாலு பேரு பாத்து ஆமாம்னு சொல்லிட்டா கடை உங்களுக்கு. ஃபைலுக்குக் கலர்ல ஒரு பிரிண்ட் மட்டும் எடுத்துட்டு வந்துருங்க."

பிரிண்ட் எடுக்க மகன் இருக்கிறானே. மறுநாள் காலையில் ஒரு தூக்குவாளி நிறைய வடையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். ஷாநவாஸ் காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கடையின் நீள அகலம், தகரக் கூரை, கரண்ட் கனெக்‌ஷன், மழைக்கு இனி பயமில்லை என்பது, எல்லாம். சொல்லச் சொல்ல அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. வேலைக்கு நேரமாகிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அந்தப் படத்த எடுத்து ஒரு பிரிண்ட் போட்டுக் குடுப்பா."

அவன் போனை எடுத்துப் பார்த்தான். படம் இருந்தது. அவளும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அடுப்படி வாசலில் நின்ற ஜுவைரியா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிண்டர்ல இங்க் இல்லம்மா. ஞாயித்துக்கெழம நானே கொண்டு வந்து தாரேன்," என்றான் ஷாநவாஸ்.

மகனே கூட்டத்துக்கு வருகிறான் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட அதைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் டிவிக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். மில் மேனேஜர் வந்துவிட்டார். ஷாநவாஸ் வரவில்லை, போன் போட்டால் எடுக்கவில்லை. பரவாயில்லை, பிரிண்ட் பிறகு வரட்டும் என்று சுந்தரபாண்டியன் தன் போனை டிவியோடு இணைத்து மில் ரோட்டைத் திறந்தார்.

சுவர் வந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. வண்டி நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய திட்டு நின்றது. தலையிலிருந்து கால் வரைக்கும், வண்டி, அடுப்பு, சட்டி, மாம்பழக் கலர் சேலை, ஓங்கிய கரண்டி எல்லாமாகச் சேர்த்துப் பூசி மெழுகியிருந்தது. அங்கே நிற்பது மனுஷியா, மாடா, மூடி போட்ட மோட்டார் ரூமா என்று சத்தியம் பண்ணிக்கூடச் சொல்ல முடியாது. சுந்தரபாண்டியன் முன்னே போனார், பின்னே போனார், எங்கே நின்று பார்த்தாலும் அதே திட்டு.

"நான் பாத்தப்ப இருந்துச்சே," என்றார் அவர். "ஆனா நான் ஒருத்தன் பாத்தேன்னு சொன்னா அதுவும் வாய்ச்சாட்சிதான். யாராச்சும் கேட்டு எழுதிப் போட்டாத்தான் இப்படி முழுசா அழிப்பான்."

சம்சாத் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். யார் எழுதிப் போட்டிருப்பார்கள். மேப்பு, கீப்பு எல்லாம் தெரிந்தவள் யார். படம் அங்கே இருப்பது தெரிந்தவள் யார். கடைசிக் கடைக்குப் போட்டியில் நிற்பவள் யார். கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த அழகுத்தாயைப் பார்த்துத் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் பேசியதை இங்கே முழுசாகச் சொல்ல முடியாது. கூட இருந்தே குழி பறித்துவிட்டாய் என்பதில் ஆரம்பித்து, உன் மகளுக்கும் இதே புத்திதான் இருக்கும் என்பது வரை போனாள். கடைசியில் ஊரே பார்க்க அவள் காலடியில் காறித் துப்பினாள்.

அழகுத்தாய் எழுந்து நின்றாள்.

"நான் அழிக்கல அக்கா. அழிக்கிறவளா இருந்தா உனக்கு எதுக்குக் காட்டப் போறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

முடிவை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளி வைத்தார்கள். கூட்டம் கலைவதற்கு முன்பே சம்சாத் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கம்ப்யூட்டர் படித்த மகன், அவன் நினைத்தால் அழித்ததைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டு போனாள். பெற்றவள் இல்லையா, அப்படித்தான் நம்புவாள்.

ஷாநவாஸ் வீட்டில்தான் இருந்தான். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவள் உட்காராமலே நடந்ததைச் சொன்னாள்.

"எந்தச் சிறுக்கி அழிச்சாளோ, நீ அதத் திருப்பிக் கொண்டாந்துரு."

"வராதும்மா. ஒருவாட்டி அழிச்சா அழிச்சதுதான். அந்தக் கம்பெனிக்காரனே நெனச்சாலும் வராது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஜுவைரியா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"நீங்க சொல்லுதீகளா, நான் சொல்லட்டுமா?" என்றாள் புருஷனிடம்.

"நான்தாம்மா அழிக்கச் சொன்னேன்," என்றான் ஷாநவாஸ்.

சம்சாத்துக்கு நாக்கு நுனியில் ஒன்றுமே வரவில்லை. அவனே சொல்லிக்கொண்டு போனான். காலேஜில் கூட வேலை பார்க்கிற ஒருத்தர் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக மேப்பில் வழி பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே போனதில் இந்தப் படம் வந்திருக்கிறது. ஷாநவாஸ் சார், உங்க ஊர்ல ஒரு அம்மா கரண்டியாலயே மேப்புக்காரனை அடிக்கப் போகுது பாருங்க என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

"அவங்களுக்கு அது நீங்கன்னு தெரியாதும்மா. அம்மா கேட்டரிங் பண்றாங்கன்னுதான் அங்க சொல்லி வச்சிருக்கேன்."

"அவுக சிரிச்சாக. நீ என்ன செஞ்சே?"

"நானும் சிரிச்சேன்."

ஜுவைரியா தலையைக் குனிந்துகொண்டாள். சம்சாத் மகனையே பார்த்தாள். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது, கை எழவில்லை.

"நீங்க பிரிண்ட் கேட்டு வாரதுக்கு முந்தின நாள் அது. அன்னைக்குச் சாயங்காலமே அழிக்கச் சொல்லி எழுதிப் போட்டேன். உங்க மானத்துக்காகத்தாம்மா செஞ்சேன். எவன் எவனோ உங்களப் பாத்துச் சிரிக்கான்ல."

"எம் மானத்துக்கா? முகம் இல்லாத பொம்பளைக்கு என்னலே மானம் போகுது? போகுதுன்னு பயந்தது உன் மானம்." இப்போது நாக்கு வந்துவிட்டது. "சரி, போகட்டும். நான் வந்து பிரிண்ட் கேட்ட அன்னைக்குப் படம் இருந்துச்சு. நானும் பாத்தேன். அன்னைக்கு ஏன் எடுத்துக் குடுக்கல? இங்க் இல்லையோ?"

அவன் மூலையில் இருந்த பிரிண்டரைப் பார்த்தான்.

"அந்தக் கடை கெடைக்கலைன்னா இங்க வந்து எங்களோட இருப்பீங்கன்னு நெனச்சேன்."

இங்க் இருந்திருக்கிறது. இரண்டே நாளில் படம் போய்விடும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டு, தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறான். அம்மாவை ரோட்டிலிருந்து எடுக்க அவன் கண்டுபிடித்த வழி இது. ஆக்கிரமிப்புக் காருக்குப் பயந்து ரோடே ஓடியபோது எண்ணெய்ச் சட்டியோடு நின்றவளை, பெற்ற பிள்ளை வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே அப்புறப்படுத்திவிட்டான்.

"நான் அழகுத்தாயி காலடியில காறித் துப்பிட்டு வந்திருக்கேன்லே," என்றாள். குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது. "அவ பிள்ளையப் பேசிட்டு வந்திருக்கேன். பேச வேண்டிய பிள்ள இங்கல்லா இருந்திருக்கு."

"நான் தலைவர்கிட்ட போன்ல தனியா பேசுதேன்மா."

"தனியா வேண்டாம். வார ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வா. எல்லார் முன்னாலயும் அது எங்க அம்மாதான், நான்தான் அழிச்சேன்னு சொல்லு. அது போதும் எனக்கு."

"எல்லார் முன்னாலயும் எப்படிம்மா," என்றான் ஷாநவாஸ். அவனிடம் படிக்கிற பையன்களின் அப்பாமார் இரண்டு பேர் அந்த மில்லில் வேலை பார்க்கிறார்களாம்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் மாமி என்று ஜுவைரியா கையைப் பிடித்தாள். மருமகள் மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது என்று சொல்லிவிட்டு சம்சாத் படியிறங்கினாள்.

அந்த ஒரு வாரம் அவள் அடுப்பு மூட்டவில்லை. அழகுத்தாயின் வீட்டுப் பக்கம் போய்ப் போய்த் திரும்பினாள், கதவைத் தட்டக் கை வரவில்லை. திட்ட வரும் வாய் மன்னிப்புக் கேட்க எங்கே வருகிறது.

பெற்றவள் பிள்ளையை வெளியில் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. படம் எப்படியோ அழிந்துபோயிற்று, என் தலையெழுத்து என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டுவிடலாம். மகன் பேர் கெடாது. அழகுத்தாய் மேல் விழுந்த பழி மட்டும் அப்படியே கிடக்கும். சம்சாத் அதையும் யோசிக்காமல் இல்லை. யோசிக்க யோசிக்க நெஞ்சு எரிந்ததே தவிர ஆறவில்லை. அவன் அவளை விட்டுக்கொடுத்தது ஸ்டாஃப் ரூமிலேயே முடிந்துபோன கதை. இனி யாருக்காக மூடி வைப்பது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தாள். ஷாநவாஸ் வரவில்லை. அழகுத்தாய் வாசல்படிக்கு வெளியே, போகவா இருக்கவா என்று தெரியாமல் நின்றிருந்தாள்.

"போன வாரம் அழகுத்தாயிய நான் பேசுனது அம்புட்டும் பொய்," என்றாள் சம்சாத். "அவ அழிக்கல. ஏட்டி அழகுத்தாயி, உன்னையும் பேசிட்டேன், உம் பிள்ளையயும் பேசிட்டேன். என்னை நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன். படத்த அழிச்சது எம் மவன். ரோட்டுல வடை சுடுறவ எங்கம்மான்னு தெரிஞ்சா கேவலம்னு அழிச்சிருக்கான்."

மில் மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுந்தரபாண்டியன் மெல்லக் கேட்டார். "நீங்க சொல்லுறத நான் நம்புதேன் பாயம்மா. ஆனா உங்க வாய்ச்சாட்சி உங்களுக்கே ஆகாது. அழிச்ச ஆளே தான் செஞ்சத ஒத்துக்கிட்டா எடுத்துக்கிடலாம். அது எங்கம்மான்னு அவன் ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்."

சம்சாத் தன் பட்டன் போனை அவரிடம் கொடுத்தாள். அவர் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேஜை மேல் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான் என்று நினைத்த நேரத்தில் எடுத்தான்.

"சொல்லுங்கம்மா."

"ஏலே, இங்க சங்கத்துல எல்லாரும் இருக்காக. நீ மேப்புல அழிக்கச் சொன்னேல்ல, கரண்டியோட ஒரு பொம்பள. அது யாரு?"

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், சொல்லுங்க, சொல்லிருங்க என்று ஜுவைரியாவின் குரல் கேட்டது. சம்சாத் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அவள் எல்லாவற்றையும் விட்டுவிடத் தயாராக இருந்தாள். சிரித்ததையும், இங்க் இல்லை என்றதையும்.

"அம்மா, நான் கிளாஸ்ல இருக்கேன். பொறவு பேசுதேன்," என்றான் ஷாநவாஸ். போன் கட்டானது.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலேஜில் கிளாஸ் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரபாண்டியன்தான் போனை எடுத்துச் சம்சாத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

"வேத்தாளா இருந்தா என்ன படம், எந்தப் பொம்பளன்னு கேட்டிருப்பான். மவனா இருக்கப்போயித்தான் போனை வச்சுட்டான். எனக்கு இதுக்கு மேல சாட்சி வேண்டாம். கடை பாயம்மாவுக்கு. மேனேஜர் சார், என்ன சொல்லுதீக?"

மேனேஜர் தலையாட்டினார். சாவியை எடுத்து நீட்டினார்கள். சம்சாத் வாங்கிக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அது எதனால் கிடைத்தது என்று நினைத்தபோது சாவியைச் சாக்கடையில் வீசிவிடலாமா என்றிருந்தது. வீசவில்லை. அவள் நின்று சம்பாதித்த இடம் அது.

வெளியே வரும்போது அழகுத்தாய் ஒதுங்கி வழி விட்டாள். "கடைக்குப் பக்கத்துல திண்டு மாதிரி இடம் கெடக்கு. பானைய அங்க கொண்டாந்து வையிட்டி," என்றாள் சம்சாத். அழகுத்தாய் மூன்றாம் நாள் பானையோடு வந்து உட்கார்ந்தாள். பேச்சு மட்டும் இன்னும் பழைய மாதிரி வரவில்லை.

கடையில் வியாபாரம் அமோகமாகத்தான் நடந்தது. ஷிப்ட் விடுகிற நேரத்தில் வரிசை ரோடு வரைக்கும் நீளும். ஷாநவாஸிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவனே வந்தான். பைக்கை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தூரத்தில் வரும்போதே அவள் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சட்டிக்குள் குனிந்துகொண்டாள்.

"அம்மா," என்றான் மெதுவாக.

"எத்தன வேணும்?"

"அம்மா, நான் செத்த நேரம் பேசணும். அன்னைக்கு எனக்கு நாக்கு எழலம்மா. ஜுவைரியா என்கூடப் பேசவே மாட்டேங்கா."

"பின்னால ஆளுக நிக்காக. எத்தன வேணும்னு சொல்லுங்க."

அவள் சொன்ன "சொல்லுங்க"வில் அவன் முகம் வெளுத்துவிட்டது. வரிசை அவனைத் தள்ளியது. இரண்டு என்று விரலைக் காட்டினான். பேப்பரில் இரண்டு வடையை வைத்துச் சட்னி ஊற்றி, மற்றவர்களுக்கு நீட்டுகிற மாதிரியே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றான். தின்னவுமில்லை, போகவுமில்லை.

அடுத்து நின்ற மில்காரர் வேல்பாண்டி அவனையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"யாரு பாயம்மா அது? நம்ம ஷாநவாஸ் மாதிரில்லா இருக்கு."

சம்சாத் நிமிர்ந்தாள். மகனை நேராகப் பார்த்தாள். அவன் கண் கலங்கி நிற்பது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்குக் கோபம் ஒரு துளி குறையவில்லை.

"தெரியலையேப்பா," என்றாள், அவன் காதில் விழும்படியாக. "ரோட்டுல எம்புட்டோ பேரு வாராக, போறாக."

வேல்பாண்டிக்கு வடையைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஈட்டுக்கு மாவைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.